கதவில் ஒரு சாண் சொரசொரப்பு

தெருவில் எல்லாரும் அவரை உப்புத்தாள் என்றுதான் கூப்பிடுவார்கள். மரச்சாமான்களை உப்புத்தாளால் தேய்த்துப் பாலிஷ் போடுவது தொழில். தேய்த்துத் தேய்த்து அவருடைய உள்ளங்கையே உப்புத்தாளாகிவிட்டது. கடையில் தாள் தீர்ந்த ஒரு நாள், வெறுங்கையாலேயே ஒரு சாப்பாட்டு மேசையைத் தேய்த்து முடித்தார் என்று ஊரில் பேச்சு உண்டு. சுத்தப் பொய். அது மேசை இல்லை, நாற்காலி.

அந்தக் கைக்கு வீட்டில் ஒரே வேலைதான். முதுகு அரித்தால் மனைவி அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு "ம்" என்பாள். வேறு வார்த்தை வேண்டியதில்லை.

அவள் போய் வருஷக்கணக்காகிறது. கடல் தாண்டி இருக்கும் மகளுக்கு இரட்டைக் குழந்தை. "நடக்க ஆரம்பிச்சதும் வந்துடறேன்" என்று போனாள். குழந்தைகள் நடந்து, ஓடி, இப்போது பள்ளிக்கூடமே போகிறார்கள். மகளும் மருமகனும் விடிந்தால் வேலைக்கு ஓடுகிறவர்கள். பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வருவாள்?

கிளம்பிய அன்று வாசல் கதவில் நீட்டிக்கொண்டிருந்த மரச் சிலாம்பு ஒன்று அவளுடைய நீலச் சால்வையைப் பிடித்து இழுத்தது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, "ஊரார் வீட்டுச் சாமானெல்லாம் கண்ணாடியா மின்னுது. நம்ம வீட்ல எதைத் தொட்டாலும் பிராண்டுது" என்றாள். கார் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை உப்புத்தாள் தேய்க்க ஆரம்பித்தார். கட்டில், அலமாரி, ஜன்னல் சட்டம், அரிவாள்மணைப் பலகை, துடைப்பக் கைப்பிடி வரை ஒன்றையும் விடவில்லை. மரம் தீர்ந்ததும் சுவரில் கை வைத்தார். பல்லிகள் கொஞ்ச நாள் சமாளித்துப் பார்த்துவிட்டு, குடும்பத்தோடு எதிர்வீட்டுக்குக் குடிபோயின. ஜன்னலில் படுத்த பூனை தூக்கத்திலேயே வழுக்கிப் பக்கத்து வீட்டு மாடியில் போய் விழுந்தது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர் முக்காலியில் உட்கார்ந்த வேகத்தில் வாசலுக்கே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவர் நின்றபடியே பேசுகிறார்.

மகள் கடைசியில் ஒரு வழி சொன்னாள். "அம்மா வர முடியாது. நீங்க வாங்கப்பா." அந்த நாட்டுக்குள் குடியேற இங்கிலீஷ் பேச்சுத் தேர்வு ஒன்று இருந்தது. முதல் தடவை, அதிகாரியம்மா எது கேட்டாலும் "எஸ் சார்" என்றே சொல்லிவிட்டு வந்தார். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் விண்ணப்பத்தையே மூடிவிடுவார்கள்.

மருந்துக்கடை மாடியில் ஒரு டீச்சரம்மா பாடம் நடத்தினாள். அவளுக்கு ஒரு பிடிவாதம். ஆளுக்கு ஒரு வார்த்தை கொடுப்பாள். அவரவர் வீட்டில் ஒரு பொருள்மேல் கையை வைத்து, அதைப் பற்றி வாக்கியம் சொல்லிப் பழகிக்கொண்டு வரவேண்டும்.

"புத்தகத்துல இருக்கறதைச் சொன்னா, ஞாபகத்தைத் தேடிக் கண்ணு மேல போகும். தேர்வுல கண்டுபிடிச்சிடுவாங்க" என்பாள். உப்புத்தாளுக்கு வந்த வார்த்தை ரஃப். "சொரசொரன்னு இருக்கறது ஐயா. நாளைக்குத் தேர்வு. இதை மட்டும் ஒழுங்கா பழகிட்டுப் போங்க."

பக்கத்து பெஞ்சில் பாடம் படிக்க உட்கார்ந்திருந்த முடிவெட்டுகிறவர் சிரித்தார். "அண்ணே, உங்க சாப்பாடே அதுலதானே! கண்ணை மூடிட்டுச் சொல்லலாம்."

வீட்டுக்கு வந்து கட்டில்மேல் கை வைத்தார். வழவழப்பு. மேசை, வழவழப்பு. சுவரும் அப்படியே. அம்மிக்கல்லைத் தடவினார். அதையும் என்றைக்கோ தேய்த்திருக்கிறார், பாவி மனுஷன். அரைப்பதெல்லாம் முழுசு முழுசாய் வருவது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. மூக்கின்மேல் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவர்களைப்போல, தடவுகிற தன் கையை மட்டும் அவர் நினைக்கவே இல்லை.

முடிவெட்டுகிறவரின் கடைக்குப் போய் அவரிடம் புலம்பினார்.

"என் கடைச் சுவரைச் சொல்லிடுங்கண்ணே. எருமை வந்து உரசிட்டுப் போற அளவுக்கு இருக்கு."

"அது உன் சுவருடா. என் வீட்ல இருக்கணும்."

"ஒரு இடம்கூடவா விடலை?"

உப்புத்தாள் எழுந்துகொண்டார். ஓர் இடம் இருந்தது. வாசல் கதவில், ஒரு சாண். ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் கை அங்கே வந்து நின்றுவிடும். சிலாம்பில் ஒரு நீல நூல் இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது. காற்று வந்தால் ஆடும். காற்று வராத நாளில் அவரே லேசாக ஊதுவார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டுதான்.

திரும்பி வந்து அந்தச் சாண் இடத்தின்மேல் கையை வைத்தார். வாக்கியம் தானாக வந்தது.

மறுநாள் அதே அதிகாரியம்மா. வானிலை, சாப்பாடு, பஸ் எல்லாம் கேட்டாள். தட்டுத்தடுமாறி ஒப்பேற்றினார். பிறகு, உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள்.

"மை ஹவுஸ் இஸ் ஸ்மூத்" என்றார். அவள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "பட், தி டோர் இஸ் ரஃப். ஒன்லி ஒன் ப்ளேஸ். மை ஒய்ஃப் கோயிங், ஷால் காட். ப்ளூ நூல் ஸ்டில் தேர்."

நீங்கள் பாலிஷ் போடுகிறவர்தானே, அதை ஏன் சரிசெய்யவில்லை என்று அவள் இங்கிலீஷில் கேட்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் அவருக்கே ஆச்சரியம்.

"ஐ மேக் ஸ்மூத், ஹவ் டோர் வில் கேட்ச் ஹர், மேடம்?"

சார் என்று சொல்லவில்லை. கவனியுங்கள்.

அதிகாரியம்மா பேனாவை எடுத்து, காகிதத்தில் பாஸ் என்று எழுதினாள்.

மனைவிக்கு போன் போட்டார்.

"ஏங்க, என்னாச்சு? இந்தத் தடவையும் சார் சாரா?"

"பாஸு."

"பொய் சொல்லாதீங்க. அப்படி என்னத்தைச் சொன்னீங்க?"

சொன்னார். கதவு, சால்வை, நூல் எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். லைன் போய்விட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தார்.

"இருக்கேன், இருக்கேன்" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இங்க எல்லாமே வழவழன்னு இருக்குங்க. கதவு கண்ணாடி, சுவர் என்னமோ பிளாஸ்டிக். முதுகு அரிச்சா உரசிக்க ஒரு தூண் கிடையாது. எத்தனை வருஷமா அரிக்குது தெரியுமா?"

"இதோ, வந்துடுவேன்ல."

"ஆமா, கை எப்படி இருக்கு?"

அவர் உள்ளங்கையைத் திருப்பி, அதை முதல்முறை பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

"ரஃப்" என்றார்.

"ம்" என்றாள் அவள்.