டேப் சுற்றிய மூட்டு

அத்தான் வண்டியிலிருந்து இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தையே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க அக்கா இடிச்சதுல எங்கயோ ஆட்டம் கண்டிருக்கு. என்னன்னு பாரு."

அக்கா மறுபக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினாள். ஏழு பேர் உட்காரும் அந்தப் பெரிய வண்டியை மூன்று வாரத்துக்கு முன்புவரை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். பள்ளிக்கூடத் திருப்பத்தில் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், நடைபாதையில் ஏறி, விளக்குக் கம்பத்தில் முட்டியது. பின்னால் உட்கார்ந்திருந்த மகளுக்கு முன்கை எலும்பு முறிந்தது. எட்டு வயதுப் பிள்ளை.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் வலப்பக்கம் திருப்பினேன். அது கேக்கலை." யாரும் நம்பவில்லை. அத்தான் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அவருடைய அப்பா, முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், போனில் நலம் விசாரித்தவர்களிடமெல்லாம் "மருமக பிள்ளை கையை உடைச்சுட்டா" என்று சொன்னார். இத்தனை வருடமாகப் பட்டறை நடத்துகிற நானும், "பதட்டத்துல பிரேக்குக்குப் பதிலா வேற எதையாவது மிதிச்சிருப்பேக்கா" என்றேன். கூடப் பிறந்தவள் சொன்ன சொல் அது. நினைக்கும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

விளக்கையும் பம்பரையும் வேறொரு இடத்தில் மாற்றியிருந்தார்கள். அடியில் யாரும் பார்க்கவில்லை. இப்போது மேடு பள்ளத்தில் 'டொக் டொக்' என்று சத்தம் வருகிறது, ஸ்டியரிங் நேராக நிற்க மாட்டேன் என்கிறது என்று அத்தான் கொண்டுவந்திருக்கிறார்.

"அவ ஓட்டினதுக்கு அப்புறம் வண்டியே வண்டியா இல்ல" என்றார்.

"பார்க்காம எதையும் சொல்ல வேண்டாம் அத்தான்."

முன்பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்தேன். சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது அதை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டிலும் ஆறிலும் பிடித்து அசைத்தால், சக்கரத்தைத் தாங்கும் மூட்டும் பேரிங்கும் எப்படி இருக்கின்றன என்று தெரியும். மூன்றிலும் ஒன்பதிலும் பிடித்து அசைத்தால் ஸ்டியரிங் மூட்டு பேசும். கம்பத்தில் அடிபட்டது இடது மூலை. அந்தச் சக்கரத்தை முதலில் பிடித்தேன். கல் மாதிரி நின்றது. வலது சக்கரத்தை மூன்று, ஒன்பதில் பிடித்தேன். ஆடிய பல் போல அசைந்தது.

அடிபடாத பக்கம்.

"அத்தான், ஸ்டியரிங்ல உட்காருங்க. எஞ்சின் வேண்டாம், சாவியைத் திருப்பி லாக்கை மட்டும் எடுங்க. இந்தப் பக்கம் ரெண்டு விரல் அளவு, அந்தப் பக்கம் ரெண்டு விரல் அளவு, ஆட்டிக்கிட்டே இருங்க."

ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் எப்படித் திரும்புகிறது? அடியில் பல் வெட்டிய ஒரு சட்டம் இடமும் வலமுமாக நகர்கிறது. அதன் இரண்டு முனையிலும் ஒரு கம்பி. அந்தக் கம்பி சக்கரத்தோடு சேரும் இடத்தில் ஓர் உருண்டை, ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. நம் தோள்பட்டை மூட்டு எப்படியோ அப்படி. டை ராட் எண்ட் என்போம். சக்கரம் ஏறி இறங்கினாலும் திரும்பினாலும் உருண்டை எல்லாப் பக்கமும் சுழன்று இடம் கொடுக்கும். ஆனால் தள்ளினால் இம்மிகூட நகரக் கூடாது. உருண்டைக்கும் குழிக்கும் நடுவில் கிரீஸ். கிரீஸ் வழியாமலும் தூசி புகாமலும் காக்க வெளியே ஒரு ரப்பர் உறை. என்ன அழகான ஏற்பாடு பாருங்கள், எலுமிச்சங்காய் அளவு பொருளை நம்பித்தான் ஒரு குடும்பமே சாலையில் போகிறது.

நான் அடியில் படுத்து அந்த மூட்டின்மேல் விரல் வைத்தேன். அத்தான் ஆட்டினார். கம்பி நகர்ந்தது, சக்கரம் நகரவில்லை. பிறகு 'டொக்' என்று தட்டிய பின்தான் சக்கரம் நகர்ந்தது. நடுவில் இருந்த அந்த வெற்று இடத்தில் ஸ்டியரிங் யார் கையில் இருந்தாலும் சக்கரம் அநாதைதான். வேகத்தடையில் துள்ளி விழும்போது அது தன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

டார்ச்சை நெருக்கிக் காட்டினேன். ரப்பர் உறை தெரியவில்லை. அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப், நான்கைந்து சுற்று, இறுக்கமாக. டேப்பின் நுனி ஒரு சின்னக் காது போல மடிக்கப்பட்டிருந்தது.

"அக்கா, இங்க வா."

அவள் சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் குனிந்தாள். பார்த்தாள். அவள் வீட்டில் ரிமோட், சார்ஜர் ஒயர், தோட்டக் குழாய் எல்லாவற்றிலும் இதே டேப், இதே காது. மறுபடி பிரிப்பதற்குச் சுலபமாக இருக்கும் என்று அத்தான் மட்டும் செய்கிற வேலை அது. மற்றவர்களுக்கு ஒட்டத் தெரியவில்லை என்று அதற்கொரு பாடமே நடத்துவார்.

"இது எப்ப சுத்தினீங்க?" அக்கா நிமிராமலே கேட்டாள்.

ஸ்டியரிங் ஆட்டம் நின்றது.

"எது?"

"இறங்கி வந்து பாருங்க. உங்க கையெழுத்து போட்டிருக்கீங்க."

அவர் வந்து பார்த்தார். "ஓ, இதுவா. அந்த பஞ்சர் டயரை மாத்தினேன்ல, அப்ப பார்த்தேன். ரப்பர் லேசா கிழிஞ்சிருந்துச்சு. தூசி போகாம சுத்திவிட்டேன். நல்லதுதானே பண்ணினேன்."

"அது நாலு மாசத்துக்கு முன்னாடி" என்றாள் அக்கா.

"இவகிட்ட கொண்டுவந்தா ஒண்ணுக்கு மூணா மாத்தணும்பா. மெக்கானிக் புத்தி தெரியாதா?"

"நான் உங்க மச்சினி, அத்தான். எதிர்க்கடைக்காரி இல்ல."

அவர் விடவில்லை. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கம்பத்துல இடிச்ச அதிர்ச்சியில இந்த மூட்டு போயிருக்கும். அடிபட்டா லூஸ் ஆகாதா?"

கேள்வி நியாயமானது. அதனால்தான் வாயால் பதில் சொல்லாமல் மூட்டையே கழற்றினேன். முதலில் கம்பியில் இருக்கும் பூட்டு நட்டைத் தளர்த்திவைத்தேன். பிறகு மூட்டின் அடியில் இருக்கும் பின்னை உருவி நட்டை எடுத்தேன். நட்டை எடுத்தாலும் மூட்டு வராது. அதன் தண்டு கூம்பு வடிவம். கூம்புத் துளைக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். தண்டை அடித்தால் தண்டுதான் நசுங்கும். துளை இருக்கிற இரும்பின் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். ஒரு கணம் துளை நெளியும், பிடி விடும். சாதாரணமாக இரண்டு மூன்று அடி போதும். அன்று ஒரே அடியில் விழுந்தது. அந்த அடியில் வேறு சிலவும் இருந்தன.

பிறகு கம்பியிலிருந்து மூட்டைத் திருகி எடுக்கும்போது சுற்றுகளை எண்ணினேன். பத்தொன்பது. புதியதையும் அதே பத்தொன்பது சுற்று ஏற்றினால்தான் சக்கரம் ஏறக்குறைய பழைய கோணத்தில் நிற்கும்.

கழற்றிய மூட்டை மேசையில் வைத்து, டேப்பை அதன் காதைப் பிடித்தே பிரித்தேன். சுலபமாகத்தான் வந்தது. உள்ளே கிரீஸ் என்று ஒன்றும் இல்லை. துருவும் மணலும் தண்ணீரும் குழைந்த செங்காவிச் சேறு. உறை கிழிந்து தண்ணீர் புகுந்த பிறகு டேப் சுற்றினால், சேற்றை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் அர்த்தம். புண்ணைக் கழுவாமல் கட்டுப் போட்ட கதை.

"அடிபட்டா வளையும், இல்லைன்னா விரியும். பளபளப்பா ஒரு புது உடைப்பு தெரியும். இதுல பாருங்க." உருண்டையைத் துடைத்துக் காட்டினேன். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. தேய்ந்த இடமெல்லாம் துரு. "இது ஒரு நாள்ல நடக்காது. மாசக்கணக்கா அரைச்சிருக்கு. இதை வெச்சுக்கிட்டுத்தான் அக்கா தினமும் பிள்ளையைக் கொண்டுவிட்டிருக்கா."

அத்தான் மூட்டைக் கையில் வாங்கினார். அது அவர் உள்ளங்கையில் லொடலொடத்தது. "சரி, விடு. மாத்தப் போறேல்ல" என்றார்.

"என்னத்தை விடறது?" அக்கா கேட்டாள். குரல் உயரவே இல்லை. "மூணு வாரமா ராத்திரி அவ கையைத் தலையணைமேல தூக்கி வெக்கிறப்பல்லாம், நான்தான் உடைச்சேன்னு நானே நம்பிட்டேன். உங்க அப்பாவுக்கு போன் போடுங்க."

"எதுக்கு இப்ப அவரை?"

"போடுங்க."

நான் இரண்டு பக்கமும் புது மூட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தேன். இடதில் ஆட்டம் இல்லைதான். ஆனாலும் இரண்டும் ஒரே வயது, சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். நட்டை முறுக்கி, புதுப் பின்னைச் செருகி, நுனியை வளைத்துக்கொண்டே காதைத் தீட்டிவைத்திருந்தேன். அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, வண்டியில ஒரு பார்ட் தேஞ்சு போயிருந்துச்சாம். மாத்தியாச்சு."

"அவ ஓட்டற ஓட்டுக்குத் தேயாம என்ன செய்யும்?" என்றார் பெரியவர்.

அத்தான் திருத்தவில்லை. சிரித்தார். லேசாகத்தான், மூக்கு வழியாக. ஆனால் சிரித்தார்.

அக்கா போனை அவர் கையிலிருந்து எடுத்தாள். "மாமா, தேஞ்சது டை ராட் எண்ட். உறை கிழிஞ்சதை உங்க பிள்ளை நாலு மாசத்துக்கு முன்னாடியே பார்த்தார். பார்த்துட்டு டேப் சுத்தினார். யார்கிட்டயும் சொல்லலை."

எதிர்முனையில் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"டேப்பா?" என்றார் பெரியவர். "எங்க டிப்போவுல உறை கிழிஞ்ச வண்டிய கேட்டைத் தாண்ட விடமாட்டோம். ஏன்டா, அந்த வண்டியிலயா பிள்ளைய ஏத்தி அனுப்பினே? எருமை." இன்னும் சில வார்த்தைகள் சொன்னார், டிப்போவில் புழங்குகிறவை. கடைசியாக அக்காவிடம், "சாவி இப்ப யார்கிட்ட இருக்கு? அவன்கிட்ட கொடுக்காதே" என்றார்.

"கொடுக்கறதா இல்ல மாமா. அதுக்கு உங்ககிட்ட உத்தரவு கேட்கவும் இல்ல." என்றாள் அக்கா. "ஊர் பூரா சொன்னீங்களே, பிள்ளை கையை உடைச்சுட்டான்னு. அவங்க ஒவ்வொருத்தருக்கும் நீங்களே போன் பண்ணுங்க. முதல்ல உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்காளே பேத்தி, அவகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்" என்று ஒரு முனகல் வந்தது. அக்கா போனை வைத்துவிட்டாள்.

வண்டியைக் கீழே இறக்கினேன். சுற்றை எண்ணி ஏற்றினாலும் அது கைக்கணக்குதான்; இனி அலைன்மென்ட் கருவியில் ஏற்றிச் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்தே ஆக வேண்டும். அந்தக் கடை இரண்டு தெரு தள்ளி. வண்டியிலேயே செருகியிருந்த சாவியை அத்தான் எடுக்கப் போனார். அதற்குள் அக்கா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கதவைச் சாத்தியிருந்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் ஏறினேன்.

அத்தான் கொஞ்ச நேரம் வெளியே நின்றார். அக்கா அவரைக் கூப்பிடவும் இல்லை, கிளம்பவும் இல்லை. கடைசியில் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

அக்கா கண்ணாடியில் பார்த்து, "பெல்ட்டைப் போடுங்க" என்றாள். பின்னால் கொக்கி விழும் சத்தம் கேட்டபிறகுதான் கியரில் கை வைத்தாள்.