ஐந்தருவியை எதில் வரைவது?

ஸ்வாதியும் ஜெயபிரியாவும் கணினி விளையாட்டு ஒன்று செய்யப் புறப்பட்டு மாதம் ஓடிவிட்டது; ஒரு வரிகூட எழுதவில்லை. விளையாட்டு எளியதுதான். சீசன் நேரத்து ஐந்தருவி. கூட்டத்தில் புகுந்து, தோளில் கிடக்கும் துண்டைப் பறிகொடுக்காமல் குளித்து வெளியே வர வேண்டும். அதைத் திரையில் வரைய எந்த கிராபிக்ஸ் லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, எடுப்பது என்பதில்தான் இழுபறி.

எஸ்டிஎல்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள் ஸ்வாதி. பெரிய விளையாட்டுகளே அதில் வருகின்றன. நாளைக்கு எந்தக் கருவிக்கும் கொண்டு போகலாம். ஜெயபிரியாவோ ரேலிப்பை விடவில்லை. படம், எழுத்து, ஒலி எல்லாம் அதில் ஒன்றாகவே வந்துவிடும்.

"நாளைக்கு, நாளைக்குன்னே சொல்லுத. இன்னைக்கு ஒண்ணுமே ஓடலயேட்டி!" என்றாள் ஜெயபிரியா.

ஞாயிற்றுக்கிழமை, தென்காசியில் ஸ்வாதி வீட்டு மாடியில் இருவரும் லேப்டாப்போடு உட்கார்ந்தார்கள். வெளியே சாரல். இனி வாய்ச்சண்டை வேண்டாம், ஆளுக்கொரு லைப்ரரியில் ஓர் அருவி செய்து பார்ப்போம் என்று பேச்சு.

ஸ்வாதி முறையாகத் தொடங்கினாள். படத்துக்கு ஒரு துணை லைப்ரரி, எழுத்துக்கு இன்னொன்று என்று இணைத்தாள். பின்னால் தேவைப்படுமே என்று எதையெதையோ இப்போதே கட்டி வைத்தாள். சாயங்காலம் அவள் திரையில் நீலமாய் ஒரு வெற்றுச் சதுரம் நின்றது. பக்கத்துத் திரையில் வெள்ளைக் கோடுகள் கொட்டிக்கொண்டிருந்தன. அடியில் உருண்டைத் தலைகள் முண்டியடித்தன.

ஸ்வாதிக்கு முகம் சுண்டிப்போனது. எஸ்டிஎல்மேல் குற்றமில்லை, வராத நாளைக்காகத் தானே உழைத்துக்கொண்டிருந்தோம் என்று புரிந்ததில் இன்னும் எரிச்சல்.

அப்போது அவள் கணவன் இசக்கிமணி அருவிக்கரை பந்தோபஸ்து முடிந்து, நனைந்த காக்கிச் சட்டையோடு மாடியேறி வந்தான். ஜெயபிரியா அவனிடம் லேப்டாப்பை நகர்த்தினாள். ஆடிப் பார்த்தான். நாலு தலைகள் சேர்ந்து அவனை வெளியே தள்ளின. மறுபடியும் போனான், துண்டு போனது.

"ஏலே, வரிசையில வாங்கலே!" என்று திரையைப் பார்த்து அதட்டினான்.

ஸ்வாதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

"சரிட்டி, ரேலிப்பே இருக்கட்டும். எனக்கும் போட்டுக் குடு," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அந்தத் தலைகளுக்குக் கைய நான் வைக்கேன்."

சீசன் முடியுமுன் விளையாட்டு வெளிவந்தது. ஆய்க்குடியிலிருந்து ஒருவர் முதல் ஆளாக எழுதியிருந்தார்: "நல்லாருக்கு. ஆனா கூட்டம் பத்தாது."