சுருக்காமல் விட்ட கல்யாணப் படம்

மாமனாரின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குக் போட்டோக்களைக் கோத்துத் திரையில் ஓடவிடும் குடும்பப் படம் ஒன்று தயாரிக்கும் பொறுப்பு, கடைசியில் மருமகனான தையல்காரர் தலையில்தான் வந்து விழுந்தது. மச்சான்கள் இருவரும் வேலை இருக்கிறது என்று நைசாக நழுவிவிட்டார்கள். போட்டோக்களை மட்டும் வாரி வழங்கினார்கள்: முந்நூற்றுப் பன்னிரண்டு!

மாமனார் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பதினோரு வருடமாகத் தையல்காரரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. "உன் வீட்டுக்காரரைச் சாப்பிடச் சொல்லும்மா" என்று மகளிடம் சொல்வார். வீட்டுக்காரர் ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். ஊசி பிடிக்கிறவனுக்கா என் பெண் என்று கோபித்துக்கொண்டு, பதிவுத் திருமணத்தன்று வாசலோடு திரும்பிப் போனவர் அவர். அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் படத்தைப் பார்த்தாவது மனுஷன் வாய் திறக்க மாட்டாரா என்று தையல்காரருக்கு ஒரு நப்பாசை.

கணினியோ கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கியது. அச்சகத்தில் வேலை பார்க்கும் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"முக்காவாசி போட்டோ பன்னிரண்டு எம்பி கனம்! திரையில காட்ட எதுக்குங்க அவ்வளவு? அகலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது பிக்சல் போதும். ஒரிஜினலைத் தொடாதீங்க, நகல் எடுத்துச் சுருக்குங்க."

அளவுக்கு வெட்டுவது அவருக்குப் புதிதா என்ன? வெட்டித் தள்ளினார். செல்போனில் கை மாறிக் கை மாறி வந்த பொடிப் படங்களைப் பெரிதாக்கினால் மூக்கும் முழியும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அவற்றைச் சிறிதாகவே விட்டார். பெரிய மச்சான் அனுப்பிய பூந்தொட்டிப் படம் மட்டும் முப்பது எம்பி. ஒரு தொட்டிக்கு இவ்வளவு ஜம்பமா என்று திட்டிக்கொண்டே சுருக்கினார்.

கடைசியாக எழுபது எம்பியில் ஒரு படம் வந்து நின்றது. தையல்காரரின் கல்யாணப் படம், யாரோ பெரிய கேமராவில் எடுத்தது. மணமக்கள் மேஜையில் குனிந்து கையெழுத்துப் போடுகிறார்கள், பின்னால் கூட்டம். இத்தனை கனத்துக்கு உள்ளே என்னதான் இருக்கிறது என்று பெரிதாக்கிக்கொண்டே போனார். தலை, தலை, தலை. எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி, கழுத்தை எக்கிக்கொண்டு நிற்கிறார் ஸ்டேஷன் மாஸ்டர்!

"அடப்பாவி மனுஷா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார் தையல்காரர். கண் கலங்கிவிட்டது.

சுருக்கினால் மாமனார் முகம் கரைந்து காணாமல் போய்விடும். நாளைக்குப் பிரித்துப் பெரிதாக்க வேண்டிவரும் என்று, எந்தச் சட்டையிலும் உள்பக்கம் கொஞ்சம் துணி விட்டுத் தைப்பவர் அவர்; இந்தப் படத்தையும் அப்படியே முழுசாக விட்டார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. படம் மெல்ல நாற்காலியை நெருங்கி, நான்கே விநாடியில் அடுத்ததற்கு நகர்ந்துவிடும்படி அமைத்தார். பார்க்க வேண்டியவர் பார்த்தால் போதும். மற்றவர்கள் சுதாரிப்பதற்குள் ஓடிவிடும்.

பிறந்தநாளன்று ஹாலில் உறவு முழுக்கக் கூடியிருக்க, படம் ஜோராக ஓடியது. கல்யாணப் படம் வந்தது. நாற்காலியை நெருங்கியது. நின்றது. எழுபது எம்பி கனம் தாங்காமல் கணினி நின்றது நின்றதுதான், என்ன தட்டினாலும் அசையவில்லை. சுவர் முழுக்க மாமனார், நாற்காலி மேல்.

"வாசலோட திரும்பிட்டேன்னு சொன்னீங்களேப்பா!" என்று சின்ன மச்சான் கத்த, ஹாலே சிரிப்பில் குலுங்கியது. தையல்காரருக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஊர் சிரிக்க வைத்துவிட்டோமே, இனி சாகிறவரைக்கும் இந்த மனிதர் நம்மோடு பேசப்போவதில்லை என்று நினைத்தார்.

மாமனார் எழுந்தார். சிரிப்பு அடங்கியது. மகள் பக்கம் திரும்பாமல், நேராகத் தையல்காரரிடம் வந்து நின்றார்.

"ஏறி நின்னும் ஒண்ணும் தெரியல, மாப்பிள்ளை. முன்னாடி ஒருத்தன் தலை மறைச்சுடுச்சு. நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டதை நான் பார்க்கவே இல்ல."

தையல்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அவருக்கு இடம் ஒதுக்கினார்.

"உட்காருங்க மாமா. இந்த மெஷின் எந்திரிக்கட்டும், நாங்க கையெழுத்துப் போட்டதும் இதே படத்துலதான் இருக்கு. எவ்வளவு பெரிசா வேணும், சொல்லுங்க."