"என்ன" என்றால் ஓடிவரும் நாய்

அம்மாக்கண்ணுவின் நாய் சுதுவிடம் ஒரு குறையும் இல்லை. யார் "என்ன" என்றாலும் ஓடிப்போய் மேலே விழும், அவ்வளவுதான். டிக்கோயாவில் இருந்த சிங்களத் தபால்காரர் வளர்த்த நாய் அது. மாற்றலாகிப் போகும்போது இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். சிங்களத்தில் "என்ன" என்றால் "வாங்க" என்று அர்த்தம். நமக்கு அது கேள்வி என்பதை நாய்க்கு யார் போய்ச் சொல்வது?

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த ஆட்கள் சிரித்துப் பொறுத்துக்கொண்டார்கள். பெரட்டில்தான் வினை வந்தது. அங்கே காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற கண்டாக்கையாவுக்கு வாயைத் திறந்தாலே "என்ன"தான்.

"என்ன அம்மாக்கண்ணு, லேட்டு?"

அவள் பின்னால் வந்திருந்த சுது, ஐயா கூப்பிடுகிறார் என்று பாய்ந்து அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் சேற்றுக் காலை வைத்தது. "என்ன இது, என்ன இது" என்று அவர் பின்வாங்கப் பின்வாங்க, நாய்க்குக் குஷி தாங்கவில்லை. பெண்கள் வேறு சிரித்துத் தொலைத்தார்கள்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள இத யாருக்காச்சும் குடுத்துரு. இல்லாட்டி லொறியில ஏத்தி வலப்பனைப் பக்கம் விட்டுருவேன்" என்றார்.

சொன்னால் செய்கிற மனுஷன். தெரியாத ஊரில் சுது யாரிடம் போய் நிற்கும்? அம்மாக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை.

டவுனில் தையல் கடை வைத்திருந்த பிரேமினியிடம் முதலில் விட்டாள். என்ன அளவு, என்ன கலர் என்று கேட்காமல் தையல் கடை நடக்குமா? மத்தியானமே பிரேமினி நாயைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள்.

"இத வச்சுக்கிட்டு நான் வாயே தொறக்க முடியாதுக்கா."

ஞாயிறு காலையில் மிச்சம் இருந்தவர் சூசைரட்ணம் ஒருவர்தான். முப்பது வருஷம் தேயிலை மெஷின் சத்தத்தில் நின்று காது போனவர். பெண்சாதி செத்து, மகள் கொழும்பில் இருக்க, மாதா கோயில் சந்தியில் தனியாக இருந்தார்.

"சூசையண்ணே, நாய் வேணுமா?"

"என்ன?"

சுது ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்தது.

"நாய்ண்ணே."

"என்ன, பாயா?"

முன்னங்கால் இரண்டும் முழங்காலுக்கு ஏறின.

"நாயி, நாயி."

"என்ன?"

இனி ஏற இடமில்லாததால் சுது அவர் கையை நக்கியது. சூசைரட்ணம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாரு கூப்புட்டா?"

"நீங்கதாண்ணே கூப்புட்டீங்க" என்று அவர் காதருகே சொன்னாள் அம்மாக்கண்ணு. விஷயத்தை உடைத்துவிட அவளுக்கு மனம் வரவில்லை.

"நானா? நான் கூப்புட்டா எம்புள்ளகூட வர்றதில்லயே" என்றவர், நாயின் தலையில் கை வைத்தார். "இருக்கட்டும். விட்டுட்டுப் போ."

அவள் கிளம்பினாள். சுதுவும் எழுந்து கூடவே நாலு எட்டு வந்தது. போயிட்டு வர்றேண்ணே என்றாள், குரல் எழும்பவே இல்லை.

"என்ன?" என்றார் அவர்.

சுது திரும்பி ஓடிவிட்டது. போக்கிரி நாய், ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

வீட்டில் புருஷன் சிவசாமி தேத்தண்ணி போட்டு வைத்திருந்தான்.

"என்ன, குடுத்துட்டியா?"

அம்மாக்கண்ணு வாசலைப் பார்த்தாள். ஒன்றும் ஓடி வரவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.