அக்கா எடுத்து வைத்த போத்தல்

ஸ்டோவ்னர் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஏறும் பனிப்பாதையில் நிமலன் நடுவழியில் நின்றுவிட்டான். நாற்பத்திரண்டு வயதுக்கு இது சரியில்லை.

"அப்பா, மூச்சு வருதோ?" என்றாள் எட்டு வயது மகள் தர்மினி.

"மூச்சு தேத்தண்ணி குடிக்கப் போயிட்டுது. இப்ப வரும்."

அவள் சிரிக்கவில்லை.

மனைவி சுகந்தி ஒக்டோபரில் இறந்தாள். அன்றிலிருந்து அவனுக்கு இருந்தாலும் இருக்க முடியவில்லை, படுத்தாலும் படுக்க முடியவில்லை. ஜக்கெற்றைப் போடுவான், கதவுவரை போவான், கழற்றுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பனிமேட்டில் சறுக்கக் கூப்பிட்டால் தர்மினி போவதில்லை. சோபாவின் ஓரத்தில் இருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பக்கத்து ஊர் லோறென்ஸ்கூக்கிலிருந்து கறிச்சட்டியோடு வரும் புஷ்பராணி அக்கா, "கவலைதான் தம்பி உடம்பைத் தின்னுது" என்பாள். அவனும் அப்படித்தான் நம்பினான். அழுகை வரவில்லை. களைப்பாவது வந்ததே என்றிருந்தான்.

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த வைத்தியர் வேறொன்று சொன்னார். "உங்களிடம் விட்டமின் டி இல்லையென்றே சொல்லலாம். இருட்டுக் காலத்தில் மீனெண்ணெய் குடிப்பதில்லையா?"

குடித்தார்கள். குளிர்காலக் காலைகளில் சுகந்தி கரண்டியோடு வாசலை மறித்து நிற்பாள். எப்போது நின்றது? செத்தவீட்டன்று. அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை வீட்டில் மச்ச உணவு கூடாதென்று அக்கா குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தெடுத்தாள். மீன் போனது, முட்டை போனது, அந்த மீனெண்ணெய்ப் போத்தலும் போனது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு மீன் திரும்பி வந்தது. போத்தல் வரவில்லை.

அவனுக்குக் கோபம் வந்தது. இவ்வளவுதானா? அவளுக்காக என்று சுமந்த களைப்பு, ஒரு கரண்டி எண்ணெயா?

அக்காவுக்குப் போன் அடித்தான்.

"ஐயோ, போத்தலைப் பல்கனிப் பெட்டிக்குள்ளை வைச்சனான், மறந்துபோனன். 'மருந்தையும் ஆர் அக்கா மச்சத்திலை சேர்க்கிறது?' எண்டு நீயாவது கேட்டிருக்கலாமேடா!"

பெட்டியைத் திறந்தான். பின்னால் தர்மினி வந்து நின்றாள்.

"அங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"நாறும்." பிறகு மெதுவாக, "நான் சொல்லாததாலையோ உங்களுக்கு ஏலாமல் வந்தது?"

இத்தனை ஞாயிறுகளும் அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவனுக்கு விளங்கியது. அவனுடைய கோபத்துக்கு இனி இடமில்லை.

"இல்லைப் பிள்ளை. மறந்தது பெரிய ஆக்கள். நீயில்லை."

பழையதை ஊற்றிவிட்டுப் புதிது வாங்கினான். முதல் கரண்டி அவனுக்கு. முகம் கோணியது.

"அம்மா பிறகு தோடம்பழம் தருவா" என்றாள் தர்மினி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

தோடம்பழத்தைச் சுளையாக வெட்டிக் கொடுத்தான்.

தெம்பு வரக் கிழமைக்கணக்காகும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆனாலும் அந்த ஞாயிறு சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினான். பாதியில் கால் நின்றது. தர்மினியும் நின்றாள்.

"நீ போ. நான் ஆறுதலா வாறன்."

"கட்டாயம் வருவியளோ?"

"ஓம். மூச்சு வரும்வரை இதிலைதான் நிப்பன்."

அவள் பலகையை வாங்கிக்கொண்டு இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் தரம் பார்க்கவில்லை. அவன் குனிந்து முழங்காலைப் பிடித்தபடி மூச்சு வாங்கினான்.

மேலேயிருந்து பலகை சறுக்கி வர, கத்தல் கேட்டது.

"அப்பா! விலத்துங்கோ!"

பாய்ந்து விலத்தினான்.