ரெண்டு ஏற்றிய சுருதி

அத்தான் பல் குத்திக்கொண்டேதான் அறிவுரை சொல்வார். பார்க்கும்போதே கீபோர்டுக்காரிக்குக் குமட்டிக்கொண்டு வரும். குத்தி எடுத்ததை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார் பாருங்கள், கருமம், அக்கா இந்த மனுஷனோடு எப்படித்தான் இருபது வருஷம் குடித்தனம் நடத்துகிறாளோ.

அக்கா புருஷன் என்பதால்தான் அவருடைய பாட்டுக் குழுவில் இவள் பதினோரு வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறாள். குழுவுக்கு இப்போது புதிதாக ஒரு பாடகி வேண்டும். வாடகைக் கூடத்தில் ஒன்பது பெண்கள் மடியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். தேர்வுக்கு முன்னால் 'வளரும் கலைஞர்களுக்கு வழிகாட்டல்' என்று ஒரு மணி நேரம் அத்தானின் பேச்சு. எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டுமாம். இடது பக்கம் திரும்பி நின்றால் போட்டோ நன்றாக விழுமாம். பெரிய மனுஷர்களைக் கண்டால் அவர்கள் கேட்காமலே நம்பரைக் கொடுத்து வைக்க வேண்டுமாம். மூச்சை எங்கே எடுப்பது, தொண்டை கட்டினால் என்ன செய்வது, மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது என்று ஒரு மண்ணும் இல்லை. அந்தப் பெண்களோ இதையெல்லாம் மாய்ந்து மாய்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் ரெண்டு வார்த்தை சொல்லும்மா," என்று இவளிடம் மைக்கை நீட்டினார்.

சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது இவளுக்கு. "மேடையில எது நடந்தாலும் நிறுத்தாதீங்க. வாசிக்கிறவங்களை நம்புங்க. திரும்பித் திரும்பிப் பார்க்கிற பாடகியை எந்தக் குழுவும் வச்சுக்காது," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

எல்லாருக்கும் ஒரே பாட்டு, ஒரே சுருதி, ஐந்து கட்டை. குழுவின் பாட்டெல்லாம் அந்த உயரத்தில்தான் என்பதால், அங்கே எட்டுகிறவள்தான் வேண்டும். மார்க் போட அத்தானும் வயலின்காரரும். ஏழு பேர் பாடி முடித்ததும் டீ வந்தது. டீயைக் குடித்த தெம்பில் அத்தான் மேடை ஏறினார். "எப்படிப் பாடணும்னு நான் காட்டறேன்!"

அவருக்குக் கீழ் சுரம் வராது, வெறும் காற்றுதான் வரும். "ரெண்டு ஏத்தும்மா," என்றார். அதற்குக் கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் விரல் பழைய இடத்திலேயே ஓடும், சுருதி மட்டும் அரை அரைக் கட்டையாக ரெண்டு படி ஏறி, ஐந்து கட்டையிலிருந்து ஆறுக்குப் போய்விடும். திரையின் மூலையில் கடுகளவு '2' ஒன்று மினுங்கும், அவ்வளவுதான். அத்தான் கண்ணை மூடி, கையை ஆட்டி, நான்கு வரி கத்தித் தீர்த்தார். கை தட்டினார்கள். தட்டாமல் என்ன செய்வார்கள், மார்க் அவர் கையில் அல்லவா!

அடுத்து வந்தவள் தையல்காரி மகள். மூன்றாவது வருஷமாக வருகிறாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்பது அத்தான் போட்ட சட்டம். அவளுக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து முடிகிறது. இன்று விட்டால் விட்டதுதான். புடவையில் ஒட்டிய நூலைக்கூடத் தட்டாமல் அவள் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பல்லவியை இழுத்துப் பிடித்துப் பாடிவிட்டாள். சரணத்தின் மேல் வரியில் குரல் கீறிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைக்க மறுபடி முயன்றாள், மறுபடியும் கீறியது. அத்தான் கையைத் தூக்கினார்.

"உனக்குத் தொண்டை பத்தாதும்மா. பேசாம அம்மாவோட தையல் மிஷின்ல போய் உட்காரு. அதுவாவது சுருதி தப்பாம ஓடும்!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் "சரிங்க சார்" என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள். அம்மா பின்னாலேயே ஓடினாள். கீபோர்டுக்காரி பாட்டுத் தாளைப் புரட்டப் போனபோதுதான் திரையின் மூலையைப் பார்த்தாள். '2'.

தன்னையே திட்டிக்கொண்டாள். அடிப்பாவி, இறக்க மறந்துவிட்டாயே!

அத்தானை வராந்தாவுக்கு இழுத்துப்போனாள். "அத்தான், உங்களுக்கு ஏத்தினதை நான் இறக்கலை. அந்தப் பொண்ணு ஆறு கட்டையில பாடியிருக்கு. என் தப்பு. திரும்பப் பாடச் சொல்லணும்."

அத்தான் பல்குச்சியைச் சுவரில் சுண்டினார். "பாடத் தெரிஞ்சவ எதுலயும் பாடுவா. இதைப் போய் வெளியில சொல்லி நீ ஏன் அசிங்கப்படறே? நாம ரெண்டு பேரும் வாயைத் தொறக்காட்டி யாருக்குத் தெரியப்போவுது?" குரலைத் தாழ்த்தினார். "கடைசியா வர்றது ஸ்பீக்கர் கடைக்காரர் பொண்ணு. அவர்தான் நமக்கு வருஷம் பூரா செட்டு தர்றாரு. பொண்ணுக்கு மேல எட்டாது. சத்தம் காட்டாம ஒண்ணு இறக்கி வை."

வாய் கூசாமல் சொல்லிவிட்டு உள்ளே போனார். சுவரில் பட்ட குச்சி இவள் செருப்பருகே ஈரத்தோடு கிடந்தது. சீ! அதைவிட அருவருப்பு ஒன்று இருந்தது. 'யாருக்குத் தெரியப்போவுது' என்று அவர் சொன்னபோது இவளுக்கும் ஒரு நொடி அப்பாடா என்றுதான் இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தபோது தன் மூஞ்சியிலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

தையல்காரி மகள் வாசல் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, உன் தொண்டையில ஒண்ணுமில்ல. நான்தான் ரெண்டு ஏத்தி வாசிச்சுட்டேன்."

"தெரியும்க்கா."

"என்னது?"

"எடுத்தவுடனே தெரிஞ்சுது. வீட்டுல தினமும் ஐந்து கட்டையிலதானே பாடுறேன். இது நம்ம சுருதி இல்லையேன்னு உடம்பே சொல்லுச்சு."

"அப்புறம் ஏண்டி நிறுத்தலை? திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவள் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, நோட்டைப் பிரித்துக் காட்டினாள். குண்டு குண்டான எழுத்தில், அடிக்கோடு வேறு போட்டிருந்தது. 'நிறுத்தாதே. திரும்பிப் பார்க்காதே.'

"நீங்கதானேக்கா சொன்னீங்க."

அத்தானைத் திட்ட வைத்திருந்த அத்தனை வார்த்தையும் இவளுக்கும் பொருந்தும். பல்குச்சி இல்லாமல் இவளும் அதே மாதிரி அறிவுரைதான் சொல்லியிருக்கிறாள். நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தை டர்ரென்று கிழித்தாள். அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், அம்மாவும் பின்னாலேயே வந்து உட்கார, மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் கேளுங்க. போன பாட்டுல சுருதியை ஏத்தி வாசிச்சது நான். தப்பு என்னோடது. இந்தப் பொண்ணு திரும்பப் பாடணும். இல்லன்னா இன்னிக்கு நான் வாசிக்கலை."

அத்தான் எழுந்தார். வயலின்காரர் அதுவரை அரைத்தூக்கத்தில் இருந்த மனுஷர். "பாடட்டுமே," என்றார்.

தையல்காரி மகள் மைக் முன்னால் நின்றாள். பிறகு திரும்பினாள். கீபோர்டின் மூலையைக் குனிந்து பார்த்தாள். "ஐந்து கொடுங்கக்கா," என்றாள். இவள் கொடுத்தாள். அதைத் தொண்டைக்குள் ஒரு தடவை முனகிப் பார்த்துவிட்டு, பாட்டை எடுத்தாள். சரணத்தின் மேல் வரியில் போய் அப்படியே நின்றது குரல், ஒரு பிசிறில்லாமல். கடைசி வரிசையில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வயலின்காரர் தாளில் ஏதோ எழுதினார்.

அத்தான் சும்மா இருப்பாரா? மைக்கைப் பிடுங்கினார். "பார்த்தீங்களா! வேணும்னேதான் ஏத்தி வச்சு சோதிச்சோம். கலைஞருக்கு முதல் பாடமே இதுதான். சுருதியைப் பார்த்துக்கிட்டுப் பாடணும்!"

தூ, இப்படியும் ஒரு ஜென்மமா!

"அப்போ கடைசியா பாடுறவங்களும் பார்த்துக்கிட்டே பாடலாமா சார்?" என்று கேட்டாள் தையல்காரி மகள், அப்பாவியாக.

கீபோர்டுக்காரி எழுந்தாள். ஸ்டாண்டோடு கீபோர்டைத் திருப்பி, திரை கூடத்தைப் பார்க்கும்படி வைத்தாள். மூலையில் '0', ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஸ்பீக்கர் கடைக்காரர் மகள் வந்து நின்று பாடினாள். பாவம், மேல் வரிக்கு முந்தைய வரியிலேயே குரல் உட்கார்ந்துவிட்டது.

கீபோர்டுக்காரி மைக்கில் கேட்டாள்.

"இவங்களுக்கு அறிவுரை எதுவும் இல்லையா அத்தான்?"

அத்தான் பல்குச்சிக்காகச் சட்டைப் பையைத் தடவினார். ஒன்றும் அகப்படவில்லை. வயலின்காரர் தன் தாளை அவர் முன்னால் தள்ளினார். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"கையெழுத்துப் போடுங்க," என்றார்.