நூல் பூவுக்குத் தண்ணீர்

காலையிலிருந்து என் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பூங்கொத்தை மேஜையில் படுக்க வைத்தேன், தூக்கி நிறுத்தினேன், தாளைச் சுற்றினேன், பிரித்தேன். மறுபடியும் தாள் கிழிந்தபோது, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாமா என்று இருந்தது. இன்றைக்கு அம்மாவுக்குக் கல்யாணம்.

ஆமாம், அம்மாவுக்குத்தான். மாப்பிள்ளை பஸ் டிரைவர். அம்மா எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு ஊழியர்களை ஏற்றி இறக்குகிறவர். குடிக்க மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார், வீட்டுக்கு வந்தால் செருப்பை ஒழுங்காக ஓரமாக விடுவார். குறை சொல்ல ஒன்றும் இல்லாததுதான் அந்த மனுஷரிடம் எனக்குப் பெரிய குறை. அப்பா போனபிறகு நாங்கள் மூன்று பேர்தான் வீடு. நானும் தம்பியும் சண்டை போட்டால் அம்மா நடுவர். இனிமேல் நடுவருக்கு வேறு வேலை இருக்கும்.

நேற்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே அம்மா கேட்டாள்.

“உனக்கு மனசில்லன்னா இப்பவே சொல்லிடு. நான் அவர்கிட்ட பேசிக்கிறேன். எல்லாம் முடிஞ்ச அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காராத.”

“எனக்கென்ன? உன் இஷ்டம்.”

“நீ உன் இஷ்டம்னு சொன்னா வேண்டாம்னு அர்த்தம். பெத்தவளுக்குத் தெரியாதா?”

அம்மா மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள்.

சரி என்று வாயால் சொல்ல வராததால்தான் இந்தப் பூங்கொத்து. அம்மாவுக்கு நிஜப் பூ ஆகாது. ரோஜா பக்கத்தில் வந்தாலே தும்மித் தும்மிக் கண் சிவந்துவிடும். அதனால் குரோஷா ஊசியை எடுத்து, அவள் இல்லாத நேரமெல்லாம் ஒளித்து ஒளித்து நூலில் பூப் பின்னினேன். சுற்றிலும் வெள்ளைப் பூ, நடுவில் அடர்சிவப்பு. வழக்கமாகச் சாயம் இறங்காமலிருக்கச் சிவப்பு நூலை உப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்துவிட்டுத்தான் பின்ன உட்காருவேன். இந்தத் தடவை அலசவில்லை. நூல் பூவின்மேல் யார் தண்ணீர் ஊற்றப்போகிறார்கள்?

பின்னுவது எனக்குக் கைவந்தது. சுற்றுவதில்தான் தகராறு. நிஜப் பூவுக்குக் காம்பு கனம், தலை லேசு. இதற்கு நேர்மாறு. காம்பு வெறும் கம்பி, மேலே பந்து பந்தாக நூல். நிறுத்தினால் ஆளுக்கொரு திசையில் சாய்ந்து, பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டன. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பின்னால் வருவதாகச் சொன்னதால், அம்மாவும் தம்பியும் எப்போதோ பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்துக்கொண்டு பஸ் பிடித்துக் கடைத்தெருப் பூக்கடைக்கு ஓடினேன்.

பூக்கடைக்காரர் ஒரு பூவைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்னம்மா இது, எல்லாமே தலைக்கனம் புடிச்ச பூவா இருக்கு.”

“சீக்கிரம் சுத்திக் குடுங்க. நேரமில்ல.”

“அவசரப்பட்டா எனக்குக் கை ஓடாது. அப்படி உக்காருங்க.”

உட்கார முடிந்தால்தானே. வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தேன். ஆனால் மனுஷர் தொழில்காரர். கம்பிகளை ஒரே பக்கமாக முறுக்கி, நடுவில் பழைய செய்தித்தாளை உருட்டிச் செருகி, கழுத்தை இறுக்கிக் கட்டினார். பூவெல்லாம் நிமிர்ந்து நின்றன. மெல்லிய வெள்ளைத்தாள், அதன்மேல் பழுப்புத்தாள், ரிப்பன். எனக்கே ஆசையாக இருந்தது.

அப்போது தம்பி போனில் கூப்பிட்டான். வாசலுக்குப் போய்ப் பேசினேன்.

“அக்கா, எங்க இருக்க? அம்மா மூஞ்சியே சரியில்ல. வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.”

“வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லு.”

“உன் குரலே வர்ற மாதிரி இல்லியே.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். பூக்கடைக்காரர் தண்ணீர்க் குப்பியை எடுத்து, பூங்கொத்தைச் சுற்றிச் சுற்றிப் புஸ் புஸ் என்று அடித்துக்கொண்டிருந்தார். ரோஜாவுக்கு அடிக்கிற மாதிரியே, நன்றாக, தாராளமாக.

“ஐயோ, அது நூலுங்க.”

அவர் கை நின்றது. குப்பியைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். “கைப்பழக்கம்மா,” என்றார். துண்டை எடுத்து ஒற்றினார். ஒற்ற ஒற்றச் சிவப்பு வெள்ளைக்குள் இறங்கியது. மேஜை விசிறியைத் திருப்பி வைத்தார். அதில் தாள்தான் படபடத்தது. வெள்ளைப் பூவெல்லாம் காயத்தில் வைத்த பஞ்சு மாதிரி ஆகிவிட்டன.

“காசு வேண்டாம்மா. நல்ல ரோஜாவா கட்டித் தந்துடறேன்.”

“எங்கம்மாவுக்கு ரோஜா ஆகாது.”

அவரைத் திட்ட வாயெடுத்தேன். திட்டு வரவில்லை. வந்தது வேறொன்று. அப்பாடா என்று இருந்தது. இதை எப்படிக் கொண்டுபோவது, போகவே வேண்டாம், யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. பூங்கொத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

நிறுத்தத்தில் வீட்டுப் பக்கம் போகிற பஸ்தான் முதலில் வந்தது. படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். பின்னால் ஒரு அம்மாள், “ஏறும்மா, இல்ல வழிய விடு,” என்று இடித்தார். வேண்டாம் என்றால் நேற்றே வாயைத் திறந்து வேண்டாம் என்றிருக்க வேண்டும். ஒரு பூக்கடைக்காரர் தலையில் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பது என்ன பிழைப்பு? காலை எடுத்துக்கொண்டேன். அடுத்த பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

பதிவு அலுவலகத்தின் நடைவழியில் மூன்று பேரும் நின்றார்கள். அம்மா சந்தன நிறப் புடவையில் இருந்தாள். டிரைவர் சட்டையின் மேல்பித்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். தம்பி என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டான். அம்மா பார்த்தது பூங்கொத்தை.

“என்னடி இது?”

“நான் பின்னினேன். உனக்குத்தான். பூக்கடைக்காரர் தண்ணி அடிச்சுட்டார். சாயம் எறங்கிடுச்சு.”

அம்மா தொட்டுப் பார்த்தாள். விரல் சிவந்தது.

“இத சாக்கா வெச்சு வராம இருந்திருக்கலாமே.”

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் பொறுமை இல்லை.

“நெனச்சேன்,” என்றேன். “வீட்டுக்குப் போற பஸ்ல கால வெச்சுட்டேன்.”

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

“அப்புறம்?”

“எறங்கிட்டேன்.”

அம்மா ஈரப் பூங்கொத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். புடவையில் சிவப்புச் சாயம் படர்ந்தது. “பொடவை,” என்றேன். “இருக்கட்டும்,” என்றாள்.

கதவைத் திறந்து ஊழியர் ஒருவர் எட்டிப் பார்த்தார். “இன்னொரு சாட்சி வந்தாச்சா?”

“வந்தாச்சு,” என்று அம்மா என்னைக் காட்டினாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நானா? நான் வராமப் போயிருந்தா யாரு?”

“வேற யாரையும் சொல்லி வெக்கல.”

“அப்ப?”

அம்மா டிரைவரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார். “நீங்க வரலன்னா அவங்கவங்க வீட்டுக்குத் திரும்பிடலாம்னு நேத்தே பேசி வெச்சிருந்தோம்மா. அம்மா கேட்டாங்க. நான் சரின்னுட்டேன்.”

அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. பஸ் இன்றைக்கு இந்த வழியாகப் போகாது என்று பயணிகளிடம் சொல்கிற குரல்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் அந்தப் பஸ்ஸில் ஏறியிருந்தால் அம்மா மத்தியானமே வீடு திரும்பியிருப்பாள். புடவையை மாற்றிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்திருப்பாள். சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாள். இந்த மனுஷரும் நாளைக் காலையில் அவளைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டிருப்பார்.

உள்ளே மேஜையருகே நின்றபோது கண்ணீர் கண்ணை மறைத்தது. டிரைவர் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். சிவந்த விரலோடு வாங்கிக்கொண்டேன்.

“எங்க போடணும்?” என்று அவரிடம்தான் கேட்டேன்.